முதல் பிள்ளையைப் பள்ளியில் விடப்போகிறவர்களுக்கு

வைகாசி பிறந்துவிட்டால் என் வீட்டுத் திண்ணைக்கு ஆள் வரத் தொடங்கிவிடும். கலவையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாகவே என் வேலைக்காலம் கழிந்தது. என்னிடம் ஆனா ஆவன்னா படித்த பெண்களே இப்போது இடுப்பில் பிள்ளையோடு வந்து நிற்கிறார்கள். கேள்வி ஒன்றுதான்: "டீச்சர், மூணு முடிஞ்சிடுச்சு. இந்த வருஷம் எல்.கே.ஜி. போட்டுடலாமா?" ஒவ்வொருத்தரிடமும் வாயால் சொன்னதை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன்.

1. காது எட்டும் கணக்கை மறக்காதீர்கள்.

உங்கள் தாத்தா காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். எட்டினால் தலைமையாசிரியர் பெயரை எழுதிக்கொள்வார். எட்டாவிட்டால் "அடுத்த வருஷம் கூட்டிட்டு வா" என்று அனுப்பிவிடுவார். பிறந்த தேதி பல வீடுகளில் யாருக்கும் நினைவிருக்காது. அவரே ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். நம் பெரியவர்களில் பலருக்குச் சான்றிதழில் மே, ஜூன் மாதப் பிறந்தநாள் இருப்பதன் காரணம் இதுதான். அந்தச் சோதனையை மட்டமாக நினைக்க வேண்டாம். பிறந்த குழந்தையின் தலை அதன் உடம்பு நீளத்தில் நாலில் ஒரு பங்கு இருக்கும். வளர வளரக் கையும் காலும் நீள, தலையின் பங்கு குறைந்துகொண்டே வரும். கை தலையைச் சுற்றிப் போய் எதிர்க்காதைத் தொடுவதற்கு ஏறக்குறைய ஆறு வயது ஆகிவிடும். அந்தக் கால வாத்தியார் தேதி தெரியாமலே ஆறு வயதுப் பிள்ளையைத்தான் சேர்த்துக்கொண்டிருந்தார். நாம் இன்று பேசுவது அதில் பாதி வயதுப் பிள்ளையைப் பற்றி. உங்கள் வீட்டுப் பிள்ளையைத் தொடச் சொல்லிப் பாருங்கள், எட்டாது. அதில் குறை ஒன்றுமில்லை, அந்த உடம்புக்கு வயது அவ்வளவுதான்.

2. பிறப்புச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. அதிலிருந்து பின்னால் எண்ணிவந்தால் எல்.கே.ஜி.க்கு மூன்று வயது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஜூலை கடைசியில் பிறந்த பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வருஷம். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் என்பது அது வாழ்ந்த வாழ்வில் மூன்றில் ஒரு பங்கு.

இது சின்ன விஷயமில்லை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா என்ற மாநிலத்தில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே டிசம்பர் 31 தான் வயது வரம்பு. கவனம் நிலைக்காத, ஓயாமல் துடிக்கும் கோளாறு (ஏ.டி.எச்.டி. என்பார்கள்) இருப்பதாக மருத்துவர்கள் சொன்ன பிள்ளைகளை எண்ணினார்கள். ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு அந்தப் பெயர் விழ 30 சதவீதம் அதிக வாய்ப்பு. பெண்பிள்ளைகளுக்கு 70 சதவீதம். கோளாறு மாதம் பார்த்தா வரும்? வகுப்பிலேயே சின்னப் பிள்ளை தன் வயதுக்கேற்ப நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பெரியவர்கள் நோய் என்று எழுதிவிட்டார்கள். ஆகவே உங்கள் பிள்ளை மே, ஜூன், ஜூலை மாதத்துப் பிள்ளையானால் இரண்டு தடவை யோசியுங்கள்.

தேதியை மாற்றிக் கேட்கலாமா என்று யாரும் போக வேண்டாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறப்புச் சான்றிதழ்தான் வயதுக்கு ஆதாரம். அரக்கோணம் போல கேந்திரிய வித்யாலயா உள்ள இடத்துக்கு மாற்றலாகிப் போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே ஒன்றாம் வகுப்புக்கே ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். அவசரப்பட்டுச் சேர்த்த பிள்ளை அங்கே ஒரு வருஷம் காத்திருக்க நேரும்.

3. எதற்காக அனுப்புகிறோம் என்பதை வீட்டுக்குள் மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

இதைத்தான் நான் அதிக நேரம் உட்கார்த்திவைத்துப் பேசுவேன். நம் பக்கத்தில் பல வீடுகளில் பிள்ளை தயாரா என்பதல்ல கேள்வி. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும் நிறைந்த பூமி இது. கலவை, திமிரி, வாழப்பந்தல் பக்கத்துப் பெண்கள் ராணிப்பேட்டைக்கும் செய்யாறு சிப்காட்டுக்கும் போகிறார்கள். விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் ரோட்டு முனையில் வந்து நிற்கும். ஷூவின் மேல்பாகம் தைக்கும் தையல் வரிசையில் ஒருத்தி வராவிட்டால் அடுத்தவளுக்கு வேலை நின்றுபோகும். லீவு கேட்பது அவ்வளவு லேசல்ல. ஆயா (பாட்டி) இருக்கும் வீட்டில் அவள் பார்த்துக்கொள்கிறாள். ஆயாவும் நூறு நாள் வேலைக்குப் போகிறவளானால்? அப்போதுதான் "எல்.கே.ஜி. போட்டுட்டா சாயங்காலம் வரைக்கும் கவலையில்ல" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது.

அம்மா, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் சம்பளத்தில்தான் அந்தப் பிள்ளை சாப்பிடுகிறது. ஆனால் நமக்குத் தேவைப்படுவதைப் பிள்ளை தயாராகிவிட்டதாக மாற்றிச் சொல்லிக்கொள்ளக் கூடாது. பாதுகாப்பாக ஓர் இடம்தான் வேண்டுமென்றால் அதற்கு ஏற்ற இடத்தைத் தேடுங்கள். எழுத்து வேலையும் வீட்டுப்பாடமும் கொடுக்கும் இடத்தில் அதைத் தேடினால் பிள்ளைதான் சுமக்கும்.

முதல் இடம் நம் பால்வாடி. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையம் அது. நம் மாநிலத்தில் இரண்டு வயதிலிருந்தே வந்து உட்காரலாம். மதியச் சோறு உண்டு, முட்டை உண்டு, எடை பார்ப்பார்கள். 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பாட்டும் கதையும் விளையாட்டுமாக மாதவாரியாகப் பாடத்திட்டமே இருக்கிறது. அதை ஒழுங்காக நடத்தும் டீச்சர் கிடைத்தால் எந்தக் கட்டணப் பள்ளியும் ஈடாகாது. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 பால்வாடிகளில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி.யும் தொடங்கினார்கள். உங்களுக்கு எட்டும் தூரத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள். பால்வாடி என்றால் சோறு போடுகிற இடம் என்று சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு வேளைக்குச் சோறும் பக்கத்திலேயே வீடும் இருப்பதைவிட வேறென்ன வேண்டும்?

கம்பெனியிலும் கேளுங்கள். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டமே 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேர் வேலை செய்யும் இடம் என்றாலே காப்பகம் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் எழுதினார்கள். ஒருத்தி தனியாகப் போய்க் கேட்டால் பதில் வராது. ஒரே பஸ்ஸில் போகும் பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள்.

4. ஒரு வாரம் பிள்ளையைச் சும்மா கவனியுங்கள்.

சோதிக்க வேண்டாம், கேள்வி கேட்க வேண்டாம். கூட இருந்து பாருங்கள். ஒண்ணுக்கு வந்தால் முன்கூட்டிச் சொல்கிறதா, அல்லது நனைந்த பிறகா? தானே ஜட்டியை இறக்கி ஏற்றத் தெரிகிறதா? முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி ஆயா இருக்கும் இடத்தில் இதுதான் முதல் பெரிய விஷயம். நனைந்த கால்சட்டையோடு மதியம் வரை உட்கார்ந்த பிள்ளை மறுநாள் பள்ளி வாசலைப் பார்த்ததும் ஏன் அலறுகிறது என்று வீட்டில் யாருக்கும் புரியாது. சீருடை தைக்கும்போது பொத்தானும் ஜிப்பும் வேண்டாம், எலாஸ்டிக் போடச் சொல்லுங்கள்.

அதன் பேச்சு வெளியாளுக்குப் புரிகிறதா என்று பாருங்கள். உங்களுக்குப் புரிவது கணக்கில்லை. அதன் "த்தா"வுக்கும் "ப்பா"வுக்கும் நீங்கள் அகராதியே வைத்திருப்பீர்கள். மளிகைக் கடைக்காரரிடம் ஒரு பிஸ்கட் கேட்கச் சொல்லுங்கள். அவர் சரியான பொருளை எடுத்துக் கொடுத்தால் பள்ளியிலும் அது தண்ணீர் கேட்கும், வயிற்று வலி சொல்லும், எவனோ அடித்தான் என்று சொல்லும்.

அரை நாள் அத்தை வீட்டில் விட்டுப் பாருங்கள். அழலாம். அழுது முடித்து விளையாடப் போகிறதா, நீங்கள் திரும்பி வந்ததும் ஓடி வருகிறதா? அம்மா போவாள், அம்மா வருவாள் என்பதைப் பிள்ளை உடம்பால் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை வராமல் பள்ளியில் விட்டால் எந்த டீச்சராலும் ஒன்றும் செய்ய முடியாது.

"செருப்பைக் கழட்டி வெச்சிட்டு, சொம்பை எடுத்துட்டு வா" என்று இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் இரண்டையும் செய்கிறதா? சோற்று டப்பா மூடியைத் திறந்து தானே சாப்பிடுகிறதா, பாதி கீழே சிந்தினாலும்? ஊஞ்சலில் இன்னொரு பிள்ளை இறங்கும் வரை பொறுக்கிறதா? மூன்று முதல் ஐந்து வயது வரை நாளுக்குப் பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும். ராத்திரி பத்து மணிக்குப் படுத்து, காலை ஆறரைக்கு வேனுக்காக எழுப்பப்படும் பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்? மதியம் இரண்டு மணிக்குச் சொக்கி விழும் பிள்ளையானால் அது முழுநாள் பள்ளிக்கு இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒண்ணுக்குச் சொல்வது, வெளியாளுக்குப் புரியப் பேசுவது, உங்களைப் பிரிந்து தேறுவது. இந்த மூன்றும் இருந்தால் அனுப்பலாம். மற்றவை அங்கே போய் வந்துவிடும்.

5. எத்தனை எழுத்து தெரியும் என்று எண்ணாதீர்கள்.

"ஏ பி சி டி இசட் வரைக்கும் சொல்லுது டீச்சர்" என்பார்கள். சொல்லட்டும், சந்தோஷம். பாட்டாகக் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறது. அதற்கும் பள்ளிக்குத் தயாராவதற்கும் சம்பந்தம் குறைவு.

பென்சில் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். நம் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. மூன்று வயதுப் பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் இரண்டோ மூன்றோதான் தெரியும். மீதி இன்னும் குருத்தெலும்பு. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது பிள்ளையை வதைப்பது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால்தான் எழுதவைத்தார்கள். 1939-ல் அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி அம்மையாரும் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவவிட்ட பிறகுதான் எழுதுவதற்குப் போனார். நம் அரசே 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியபோது, எட்டு வயதுக்குள் பிள்ளை பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்றுதான் இலக்கு வைத்தது. எட்டு வயது! மூன்றரை வயதில் என்ன பதற்றம்?

6. பிள்ளை பேசாமல் நின்றால், எந்த மொழியில் பேசாமல் நிற்கிறது என்று பாருங்கள்.

ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் வீட்டில் உருது, சில தெருக்களில் தெலுங்கு. பள்ளியில் தமிழ், அதற்கு மேலே இங்கிலீஷ். வீட்டில் வாயாடியாக இருக்கும் பிள்ளை வகுப்பில் ஒரு மாதம் வாயே திறக்காது. அது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறது. மந்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கிலீஷ் வரட்டும் என்று வீட்டு மொழியை நிறுத்திவிடவும் கூடாது. கதையும் தாலாட்டும் எந்த மொழியில் வருகிறதோ அதில்தான் பிள்ளை முதலில் யோசிக்கக் கற்கிறது.

7. பிள்ளையைக் கூட்டிப்போகும் முன் நீங்கள் தனியாகப் போய்ப் பள்ளியைப் பாருங்கள்.

பீஸ் பட்டியலை வாங்கியதும் திரும்பிவிடாதீர்கள். கக்கூஸைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை உயரத்துக்கு இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா? மதியம் படுக்க இடம் உண்டா? ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளை? வேனில் டிரைவரைத் தவிர இன்னோர் ஆள் வருகிறாரா? வகுப்பு எந்த மாடியில், இறங்க எத்தனை வழி? 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் போனார்கள். அந்தத் தாய்மார்களும் நல்ல பள்ளி என்று நம்பித்தான் காலையில் அனுப்பினார்கள். இதைக் கேட்பதற்கு யாரிடமும் கூச்சப்பட வேண்டாம்.

மூன்று வயதுப் பிள்ளையை எதிரே நிறுத்தி நிறம் கேட்டு, எண் கேட்டு, தாய் தகப்பனின் படிப்பையும் கேட்டுச் சீட் தரும் இடமானால் எழுந்து வந்துவிடுங்கள். சேர்க்கைக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ம் பிரிவு தடுக்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம். ஆறு வயதுப் பிள்ளைக்கே கூடாது என்று சட்டம் சொல்வதை மூன்று வயதில் செய்யலாமா?

8. சொல்லாமல் ஓடிவராதீர்கள்.

அழும் பிள்ளையைப் பள்ளி ஆயா கையில் கொடுத்துவிட்டு, அது திரும்பிப் பார்க்காத நேரத்தில் நழுவி வருவது எல்லோரும் செய்வது. மறுநாள் அது உங்கள் புடவையை விடாது. "அம்மா போறேன், சோறு சாப்பிட்டதும் வருவேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன நேரத்துக்கு ஆள் நிற்க வேண்டும், நீங்களோ வீட்டு ஆயாவோ. இரண்டு மூன்று வாரம் காலையில் அழுவது இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் பகலெல்லாம் அழுதால், சாப்பாடு குறைந்தால், ராத்திரி பாயை நனைக்கத் தொடங்கினால், அது பிடிவாதம் அல்ல.

9. சந்தேகம் இருந்தால் பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே மருத்துவரிடம் போங்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, மூன்று வயதிலும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை, கண்ணைப் பார்க்காத பிள்ளை, பேசிக்கொண்டிருந்து பேச்சை விட்டுவிட்ட பிள்ளை. "அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று காலம் கடத்த வேண்டாம். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். 2013-லிருந்து ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்தில் மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை பால்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது; என்றைக்கு வருகிறார்கள் என்று பால்வாடி டீச்சரிடம் கேட்டு வையுங்கள். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் பாகாயத்து நம்பிக்கை நிலையம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே வேலை செய்கிறது. எங்கிருந்தோ எல்லாம் அங்கே வருகிறார்கள், நமக்குப் பஸ் ஏறினால் போகும் தூரம்தான்.

அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். மற்ற பிள்ளைகள் நடுவில் இருப்பது அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. பள்ளிக்கு முன்கூட்டியே தெரிந்தால் அங்கேயும் அதற்கேற்றபடி பார்த்துக்கொள்வார்கள்.

10. பக்கத்து வீட்டு வாயை அடைக்கப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

"என் பேரன் ரெண்டரையிலேயே பிரிகேஜி போறான்" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். பின்லாந்தில் பள்ளிப் படிப்பு ஏழு வயதில்தான் தொடங்குகிறது என்று சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் விடுங்கள்.

சீட் விஷயம் மட்டும் வேறு. தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பிப்பதானால் அதற்கென்று வயது வரம்பு உண்டு. அந்த வருஷம் தவறினால் எல்.கே.ஜி. வாய்ப்பும் தவறும். ஏழை வீட்டுக்கு அது பெரிய காரணம், நான் மறுக்க மாட்டேன். அதற்காகச் சேர்த்தால், பிள்ளை சின்னது என்று டீச்சரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வீட்டில் எழுத்து வேலையே கொடுக்காதீர்கள்.

11. காத்திருக்கும் வருஷத்தை டி.வி.க்கும் செல்போனுக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் அந்த வருஷத்தில் ஏதாவது நடக்க வேண்டும். பால்வாடிக்குப் போகட்டும். வீட்டில் பட்டாணி உரிக்க, கீரை ஆய, துணி மடிக்கக் கூட உட்காரவையுங்கள். விரல்கள் இறுகுவது இதில்தான். ராத்திரி ஒரு கதை. ஷிப்ட் முடிந்து களைத்து வரும் தாய்க்கு இதுவும் பாரம்தான் என்று எனக்குத் தெரியும். தகப்பன்மார்களுக்குக் கதை சொல்ல வராது என்று யார் சொன்னது? தம்பி, அந்த அரை மணி நேரம் உங்களுடையது.

12. சேர்த்த பிறகு ஒத்துவராவிட்டால் திரும்பக் கூட்டி வந்துவிடுங்கள்.

பீஸ் கட்டியாயிற்று, சீருடை தைத்தாயிற்று, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று என்று வதைபடும் பிள்ளையை அங்கேயே விட்டுவைக்கிறார்கள். அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு எல்.கே.ஜி. படித்த சான்று எதுவும் கேட்பதில்லை. பிள்ளைக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. ஜூனில் விட்ட பிள்ளையை ஆகஸ்ட் வரை பாருங்கள். டீச்சரிடம் இரண்டு முறையாவது உட்கார்ந்து பேசுங்கள், அரை நாள் மட்டும் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். அப்படியும் தேறாவிட்டால் நிறுத்திவிட்டுப் பால்வாடியில் விடுங்கள். விஜயதசமி அன்று பள்ளிகளைத் திறந்துவைத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள், அரசுப் பள்ளிகளிலும்தான். அதற்குள் பிள்ளைக்கு நான்கு மாதம் கூடியிருக்கும். அப்போது ஒரு முறை, நாலாவது அறிவுரையில் சொன்ன மூன்றையும் பார்த்துவிட்டுக் கூட்டிப்போங்கள்.